சும்மா கிடக்கிற காடு

(காங்கயம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் மாலை பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம்.

போன மாசம் ஒரு தரகர் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கிழக்கே கையைக் காட்டி, "ஏனுங்க, அந்தக் காடு சும்மாதானுங்களே கிடக்குது?" என்று கேட்டார். நல்ல மனுசர், அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்தச் 'சும்மா' என்கிற சொல் அன்றிலிருந்து மனசை அறுத்துக்கொண்டே இருக்கிறது.

அவர் காட்டியது எங்கள் கொரங்காட்டை. பட்டணத்திலிருந்து வந்திருக்கிற பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நம் பக்கம் காடு என்றால் வனம் இல்லை. வாய்க்கால் பாய்ந்தால் வயல், கிணறு இருந்தால் தோட்டம், வானம் பார்த்த நிலம் காடு. அதிலும் உழாமல், கிளுவை வேலி அடைத்து, மேய்ச்சலுக்கென்றே விட்டு வைத்தது கொரங்காடு. உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். கோடையில் போய்ப் பார்த்தால் புல் கருகி, மண் செக்கச் செவேலென்று, ஒன்றுமே இல்லாத மாதிரிதான் இருக்கும். ஆனால் வேலமரத்தடியில் குனிந்து பாருங்கள். உதிர்ந்த காய்களை ஆடு புழுதியை ஊதி ஊதிப் பொறுக்கிக்கொண்டிருக்கும். அந்த வெயிலிலும் அதற்குத் தீனி இருக்கிறது. ஐப்பசியில் இரண்டு மழை விழட்டும், கட்டாந்தரையில் புல் கிளம்பிவிடும். காங்கயம் மாட்டின் திமிலும் திமிரும் இந்தப் புல்லிலிருந்து வந்தவை. காட்டை நாலாகத் தடுத்து, ஒன்றை மேய்த்து மற்றதை ஆறவிடுவார்கள் பெரியவர்கள். மண் சும்மா இருப்பதற்கும் ஆறிக்கொண்டிருப்பதற்கும் வித்தியாசம் தெரிந்தவர்கள். எங்கள் அப்பாரு கிளுவைப் போத்து ஒவ்வொன்றாக நட்டு அடைத்த வேலியை ஜேசிபி தள்ள ஒரு முற்பகல் போதும்.

நொய்யலைக் கெடுத்ததும் இதே சொல்தான். வெள்ளியங்கிரியில் பிறந்து காவிரியில் கலக்கிற ஆறு. வெறும் மணலாகக் கிடக்கும்போதும் அடியில் ஈரம் வைத்திருந்து கரையோரக் கிணறுகளுக்கு ஊட்டிய ஆறு. தண்ணீர் ஓடாத ஆறுதானே என்று அதில் சாயக்கழிவைத் திறந்துவிட்டோம். நிறம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது. சாயம் துணியில் பிடிக்கக் கொட்டிய உப்பு தெரியவில்லை. அது கிணற்றுக்குப் போனது, தென்னைக்குப் போனது. பாசனத்துக்கென்று 1992-இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை கழிவுநீர்த் தேக்கமாகிவிட்டது. அணை கேட்ட ஆயக்கட்டு உழவர்களே அதன் தண்ணீருக்கு எதிராக நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்றானது. நான் திருப்பூரைப் பழிக்க வரவில்லை. ஏழு வருசம் கட்டிங் டேபிளில் நின்றவன் நான். இந்த ஊரில் பாதி வீட்டில் பனியன் கம்பெனிச் சம்பளத்தில்தான் உலை கொதிக்கிறது. தொழில் வேண்டும். எந்த இடத்தில், எந்தக் கணக்கில் என்பதை நாம் கேட்க வேண்டும்.

60 வருசத்துக்கு மேல் கேட்டு, 2024 ஆகஸ்டில் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் வந்தது. பவானி உபரிநீர் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் போகிறது. மனசு நிறைந்த சேதி. ஆனால் குழாய் வராத ஊர்களுக்கு மழைதான் குழாய். நம் குட்டைக்கு மழைநீர் கொண்டுவருகிற பள்ளத்தின் மேல் சைட்டுக் கல் நட்டாகிவிட்டது. மஞ்சள் பெயிண்ட் அடித்த கல். அப்புறம் ஆயிரம் அடிக்குப் போர்வெல் போட திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கூப்பிடுகிறோம்.

இனி இருட்டு. சிரிக்காதீர்கள், இருட்டும் நம் சொத்துதான். அந்த சைட்டில் ஒரு வீடுகூட எழவில்லை, ஹைமாஸ் விளக்கு மட்டும் விடிய விடிய எரிகிறது. எங்கள் ஆத்தா வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுக்கவைத்து, கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை எண்ணச் சொல்லும். ஆறு நட்சத்திரமும் தெரிந்தால் கண் நல்ல கண். நேற்று ராத்திரி அதே வாசலில் என் பேத்தி எண்ணினாள். மூன்றோடு நிறுத்திவிட்டாள். அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லைங்க. 2022 ஏப்ரலில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் கோடிக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னியதைப் பதிவு செய்தார்கள். ஆண் பூச்சி மின்னி அழைக்கும், பெண் மின்னிப் பதில் சொல்லும். நடுவில் ஒரு வெள்ளை விளக்கை வைத்தால் அந்தப் பேச்சு அறுந்துபோகும். கொல்லிமலையில் இருள்வானப் பூங்கா அமைக்க அரசே முன்வந்திருக்கிறது. நாம் பூங்கா கேட்கவில்லை. விளக்குக்கு மேல்மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்புங்கள். கண்ணைக் குத்தும் வெள்ளைக்குப் பதில் மஞ்சள் விளக்கு போடுங்கள். ஆள் இல்லாத இடத்தில் பத்து மணிக்கு அணையுங்கள். பெண்கள் ஷிப்ட் முடிந்து இறங்குகிற பஸ் நிறுத்தத்தில் விளக்கு எரியட்டும், எரிந்தே ஆகவேண்டும்.

வருகிற 26-ஆம் தேதி கிராம சபை. பள்ளத்தை அளந்து எல்லைக் கல் நட வேண்டும், கொரங்காடுகளைக் கணக்கெடுத்து எழுத வேண்டும், விளக்குகளுக்கு மூடி போட வேண்டும். இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதிவைத்திருக்கிறேன். வாய்ப்பேச்சாகப் போனால் குறித்துக்கொள்ள மாட்டார்கள். பள்ளம் எங்கே போகிறது என்று நம் கையில் வரைபடம் இருக்க வேண்டும். அதனால் நாளைக் காலை ஆறு மணிக்குக் குட்டைக் கரைக்கு வாருங்கள், மேல்தலை வரை நடக்கலாம். சர்வே படம் நான் கொண்டுவருகிறேன். வழியில் வேலமுள் கிடக்கிறது, செருப்புப் போட்டு வாருங்கள்.