'விஸ்ட்' என்றால் என்ன? – சந்தேகமும் விளக்கமும்

வணக்கம். நேயர் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார்: "கிங் ஜேம்ஸ் பைபிளில் சிறுவன் இயேசு தேவாலயத்தில் தன் பெற்றோரிடம் 'விஸ்ட் யீ நாட்' என்கிறார். அகராதியைப் புரட்டினால் 'விட்' என்ற சொல்லைப் பார் என்கிறது. விட் என்றால் நகைச்சுவைதானே? அது எப்படி இங்கே பொருந்தும்?" எனக்கு ரொம்பப் பிடித்துப்போன கேள்வி இது.

நம் காணொளிகளைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்குத் தெரியும், நான் எப்போதும் சொல்வதுதான்: ஒரு சொல் பிடிபடவில்லை என்றால் அதன் சொந்தபந்தங்களைத் தேடிப் போங்கள். விட் என்பது பழைய ஆங்கிலத்தில் வினைச்சொல். 'அறிதல்' என்று பொருள். ஐ வாட், நான் அறிவேன். ஐ விஸ்ட், நான் அறிந்தேன். ஆக, 'விஸ்ட் யீ நாட்' என்றால் 'நீங்கள் அறியவில்லையா'. தமிழ் பைபிளிலும் அந்த இடத்தில் 'அறியீர்களா' என்றுதான் இருக்கிறது. வனாந்தரத்தில் வானத்து உணவான மன்னா விழுந்தபோது, அது இன்னதென்று இஸ்ரவேலர் அறியாமல் நின்றார்களே, 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில மொழிபெயர்ப்பில் அங்கேயும் இதே விஸ்ட்தான். அறிவு, பிறகு புத்திக்கூர்மை, அப்புறம் சாமர்த்தியமான பேச்சு என்று நகர்ந்துதான் விட் நகைச்சுவைக்கு வந்து சேர்ந்தது.

இப்போது சொந்தங்களைப் பாருங்கள். விட்னஸ் என்றால் முதலில் அறிவு. பிறகு, அறிந்ததை எடுத்துச் சொல்லும் சாட்சி. அன்விட்டிங், அறியாமல் செய்வது. பழைய இங்கிலாந்தை ஆண்ட ஆங்கிலோ சாக்சன் மன்னர்களுக்கு ஆலோசனை சொன்ன சபையின் பெயர் விட்டன், அதாவது அறிந்தவர்கள். 1066 ஜனவரியில் எட்வர்ட் மன்னர் இறந்ததும் ஹரால்டை அரசராக ஏற்றவர்கள் இவர்கள்தான்.

இவ்வளவுக்கும் அடியில் கிடக்கும் வேரின் பொருள், பார்த்தல். லத்தீனில் 'வீடியோ' என்றால் நான் பார்க்கிறேன். சமஸ்கிருதத்தில் வேதம், வித்யா, வித்வான் எல்லாம் இதே வேர். நம் சபா மேடையில் பாடும் வித்வானுக்கும் அந்த விட்டனுக்கும் ஒரே பூர்வீகம்!

சரி, நேயர் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பழைய நூல்களில் 'ஹி வாட்' என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ஏன் அங்கே 'எஸ்' சேரவில்லை? ஏனென்றால் வாட் வடிவத்தில் ஒரு பழைய இறந்தகாலம். பார்த்திருக்கிறேன், அதனால் அறிவேன். இறந்தகாலத்தோடு எஸ் ஒட்டாது. பள்ளிக்கூடத்தில் 'ஹி கேன்ஸ்' என்று எழுதினால் சிவப்பு மையால் சுழிப்பார்களே, அதற்கும் இதே காரணம். கேன் என்பதும் 'தெரிந்துகொண்டேன்' என்ற பழைய இறந்தகாலம்தான். 'அறி' என்று பொருள்படும் நோ (know), அன்கூத் இரண்டும் அதன் உடன்பிறப்புகள். நம் ஞானமும் அந்த வேர்தான். இன்று நாகரிகமற்றது என்று பொருள்படும் அன்கூத், ஒரு காலத்தில் 'அறியப்படாதது'.

இறந்தகால வடிவம் நிகழ்காலத்துக்குப் போய்விட்டதால், இறந்தகாலத்துக்குப் புதிதாக ஒன்றை உண்டாக்க வேண்டியிருந்தது. வாட்டுக்கு அப்படி வந்ததுதான் நீங்கள் கேட்ட விஸ்ட். கேனுக்கு வந்தது குட் (could). அதில் உச்சரிக்காத ஒரு 'எல்' இருக்கிறதே, அது ஷுட், வுட் இரண்டையும் பார்த்துப் பிற்காலத்தில் சேர்த்துக்கொண்டது.