ரிசெப்டரை உள்ளே இழுக்கும் கொழுப்பு

(காட்சி: பினாங்கு, ஜோர்ஜ்டவுன். நாசி கண்டார் தட்டு, மிக அருகில்.)

"அண்ணே, குவா பஞ்சிர்" என்றேன். சோறு மூழ்கும்வரை கறியை ஊற்றிவிட்டார். தட்டின் ஓரத்தைப் பாருங்கள். சிவந்த எண்ணெய் வட்டங்கள் மெல்ல நகர்கின்றன. இரண்டு முட்டி ஒன்றாகின்றன. நம் செல் சவ்வும் இப்படித்தான், ஒரு நொடி சும்மா இருக்காது. உவமை இதோடு சரி. சவ்வு என்பது இரண்டடுக்குக் கொழுப்பு, கனம் சுமார் 5 நானோமீட்டர்.

(காட்சி: அனிமேஷன். சவ்வில் செருகி நிற்கும் ரிசெப்டர்.)

வெளியே ஹார்மோன் வந்து ஒட்டினால் உள்ளே சேதி சொல்வது ரிசெப்டர். கொழுப்பு வெறும் சுவர் என்றுதான் நானும் படித்தேன். பரீட்சைக்கு அது போதும். ஆனால் ரிசெப்டரைச் செல்லுக்குள் இழுப்பதிலும் கொழுப்புக்குப் பங்குண்டு.

சவ்வின் உட்பக்கத்தில் பிப்-2 என்றொரு லிப்பிட் உண்டு. மொத்தக் கொழுப்பில் 1 சதவீதம் அளவுதான், கறிக்கு உப்பு மாதிரி. ஏபி-2 என்ற புரதம் இதைப் பிடித்துக்கொண்டே சவ்வில் ஒட்டுகிறது. ஒட்டியதும் மடிந்திருந்த அதன் உடல் திறக்கிறது. அப்போதுதான் ரிசெப்டரின் வால் அதன் பிடிக்குச் சிக்கும். அடுத்து கிளாத்ரின் வந்து கூடை பின்னும். 1976ல் பார்பரா பியர்ஸ் பெயர் வைத்த புரதம் இது. சவ்வு குழிந்து, கழுத்து மெலிந்ததும் டைனமின் என்ற புரதம் அதைச் சுற்றிச் சுருட்டி நறுக்கிவிடும், ரிசெப்டர் ஒரு பையோடு உள்ளே வந்துவிடும். டைனமினும் பிப்-2வைப் பற்றித்தான் நிற்கிறது! ஆய்வகத்தில் பிப்-2வைச் சட்டென்று குறைத்தால் கிளாத்ரின் குழிகளே கலைந்துவிடுகின்றன.

(காட்சி: கத்தரிக்கப்படும் பிப்-2.)

இனிதான் சுவாரசியம். சில ரிசெப்டர்கள் தூண்டப்பட்டதும் ஃபாஸ்ஃபோலைபேஸ் சி என்ற நொதி இதே பிப்-2வை இரண்டாக வெட்டுகிறது. ஒரு துண்டு கால்சியத்தை அவிழ்த்துவிடும், மற்றது சவ்விலேயே தங்கி வேறொரு நொதியை எழுப்பும். ஆக, சேதிக்கு எரிபொருளும் இதுதான், உள்ளே இழுக்கும் கொக்கியும் இதுதான். ஒரே பையில் இரண்டு செலவு.

கொலஸ்ட்ராலையும் விட்டுவிட முடியாது. சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளையச் சர்க்கரையைப் போட்டு அதை உறிஞ்சி எடுத்தால், கிளாத்ரின் வந்து ஒட்டும், ஆனால் சவ்வு ஆழமாகக் குழியாது. கூடை தட்டையாகவே கிடக்கும்.

(காட்சி: செல்லுக்குள் மிதக்கும் எண்டோசோம்.)

சரி, உள்ளே போனதும் ரிசெப்டர் வாயை மூடிவிடுமா? இல்லை. வளர்ச்சிக் காரணியான ஈஜிஎஃப்பின் ரிசெப்டர், எண்டோசோம் என்ற உள்பையில் இருந்தபடியே வாலை வெளியே நீட்டிச் சேதி அனுப்பிக்கொண்டிருக்கும். எண்டோசோம் தன் சவ்வையே உள்நோக்கிக் கிள்ளி, அந்த வாலையும் சேர்த்துக் குட்டிப் பைக்குள் அடைத்த பிறகுதான் பேச்சு நிற்கும். அப்புறம் செல்லின் செரிமானப் பையான லைசோசோம், செரிமானம்.