சாட்சி ஓஹ்ரிட் ஏரிக்கரையில் இருக்கிறது

நடுவர் அவர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம். தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் நாடுகளில், ஹாஜி பெக்தாஷ் வலியின் வழிவந்த பெக்தாஷி சூஃபிகள் இஸ்லாத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் நடுவே பாலமாக இருந்தார்களா, இல்லை மதம் மாற்றும் கருவியாக இருந்தார்களா? இதுதான் தலைப்பு. பாலம்தான் என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் ஜானிசரிப் படையைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தினார். துருக்கியின் உதுமானிய அரசு கிறிஸ்தவ வீட்டுச் சிறுவர்களைப் பிடித்துக்கொண்டு போய், மதம் மாற்றி, சிப்பாய்களாக்கியது. அந்தப் படை ஹாஜி பெக்தாஷ் வலியைத்தான் ஞானகுருவாகக் கொண்டாடியது என்றார். மறுக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் போய்ப் பாலம் என்று பேச எனக்கும் வாய் வராது. ஆனால் ஆள் பிடித்தது அரசு. அதே அரசு 1826-இல் என்ன செய்தது? சுல்தான் இரண்டாம் மஹ்மூத் ஜானிசரிகளை ஒழித்த கையோடு பெக்தாஷி மரபையும் தடைசெய்தார். மடங்கள் பல இடிந்தன, சில வேறு சூஃபிகள் கைக்குப் போயின. படையும் இல்லை, அரசின் தயவும் இல்லை. அதற்குப் பிறகும் அல்பேனியாவில் இந்த மரபு செழித்ததே, யார் வாளைக் காட்டி வளர்த்தார்கள்?

சரி, அடுத்தது சாரி சால்துக் கதை. தான் இறந்ததும் ஏழு சவப்பெட்டி செய்து ஏழு நாடுகளுக்கு அனுப்பச் சொன்ன பெக்தாஷிப் பெரியவர் அவர். பெட்டி போன இடமெல்லாம் எங்கள் பெரியவரின் கல்லறை என்று கிறிஸ்தவ மண்ணில் உரிமை கொண்டாடத்தான் இந்தக் கதை கட்டினார்கள் என்றார் நண்பர். கட்டியவர்கள் மனதில் அப்படியும் ஓர் எண்ணம் இருந்திருக்கலாம். மக்கள் அந்தக் கதையை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

வடமாசிடோனியாவில் ஓஹ்ரிட் ஏரியின் தென்கோடி. எட்டிப் பார்த்தால் அல்பேனிய எல்லை. அங்கே இருக்கிறது புனித நௌம் மடாலயம், 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நௌம் என்ற கிறிஸ்தவப் புனிதரே நிறுவியது. உள்ளே ஒரு சின்ன அறையில் அவருடைய கல்லறை. வருகிறவர்கள் குனிந்து கல்லில் காதை வைத்துக் கேட்கிறார்கள். புனிதரின் இதயம் இன்னும் துடிக்கிறது என்பது நம்பிக்கை. கிறிஸ்தவருக்கு உள்ளே இருப்பவர் நௌம். பெக்தாஷிகளுக்கு அவரே சாரி சால்துக். எருதைக் கொன்ற கரடியை அதே வண்டியில் பூட்டியவர் நௌம் என்று அந்த ஊர்க் கதை சொல்கிறது. ஹாஜி பெக்தாஷை வரைகிறவர்கள் ஒரு கையில் சிங்கத்தையும் மறுகையில் மானையும் கொடுத்து வரைவார்கள். காட்டு விலங்கும் அடங்கிப்போகும் இந்த இரண்டு பேரையும் மக்கள் உறவாக்கிக்கொண்டதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

இப்போது கவனியுங்கள், நடுவர் அவர்களே. அதே ஓஹ்ரிட் நகரத்துப் புனித சோபியா பேராலயத்தை உதுமானியர் மசூதியாக்கினார்கள். நினைத்தால் மாற்ற முடிந்தது என்பதற்கு அதுவே ஆதாரம். பெக்தாஷிகள் தங்கள் பெரியவர் உறங்குவதாக நம்பும் நௌம் மடாலயம் மட்டும் இன்றும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவ மடாலயமாகவே இருக்கிறது. இவர்கள் கருவி என்றால், கைக்கு எட்டிய இடத்தில் அந்தக் கருவி ஏன் வேலை செய்யவில்லை?

வழிபாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெக்தாஷிகள் தங்கள் குருவான பாபா முன்னால் குற்றங்களை அறிக்கையிட்டு மன்னிப்புக் கேட்கிறார்கள். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் மதுவும் பகிர்கிறார்கள். மடத்துச் சீடர்களான தர்வேஷ்களில் ஒரு பிரிவினர் துறவிகள். பெண்களும் ஆண்களோடு அமர்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவருக்கு இதில் எது அந்நியம்?

அப்புறம் 1925. துருக்கி எல்லா சூஃபி மடங்களையும் மூடியது. பெக்தாஷிகளின் தலைமையகம் அல்பேனியத் தலைநகர் திரானாவுக்குப் போனது. 1967-இல் அல்பேனியாவின் கம்யூனிஸ்ட் ஆட்சியாளர் என்வர் ஹோஜா மதத்தையே தடைசெய்தார். பாபாக்களும் பாதிரியார்களும் ஒரே ஆட்சியின் கையில் சீரழிந்தார்கள். தடை விலகியது 1990-இல்தான்.

இன்று அல்பேனியாவின் தொமோர் மலையைப் பாருங்கள். 2,400 மீட்டர் உயரம். கர்பலா போரில் உயிர்நீத்த, இமாம் ஹுசைனின் சகோதரர் அப்பாஸ் அலிக்கு அங்கே ஒரு தர்கா. கிறிஸ்தவர்களுக்கு அதே மலை ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்கு உரியது. ஐந்து நாள் கழித்து பெக்தாஷிகளின் யாத்திரை தொடங்குகிறது; ஆட்டுக்கிடாய்களோடு குடும்பம் குடும்பமாக ஏறுகிறார்கள், கூடவே கிறிஸ்தவர்களும் ஏறுகிறார்கள். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்: ஜானிசரிகள் ஒழிந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டு ஆகிறது, அந்தக் கிறிஸ்தவர்களை இப்போது மலையேற்றுவது எந்த சுல்தான்?