கை எங்கே தடுமாறுகிறது?

நேயர்களுக்கு வணக்கம். கோவையில் இருபது வருஷத்துக்கு மேலாகக் கிடார் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இதைக் கேட்கிற உங்களில் சிலர் வீட்டில் ஒரு கிடார் இருக்கும், பீரோ மேலே படுத்திருக்கும், இல்லாவிட்டால் கதவுக்குப் பின்னால் உறை போட்டு நின்றுகொண்டிருக்கும். ஆசையாக வாங்கி ஐந்தாறு மாதம் பழகியிருப்பீர்கள், அப்புறம் "நமக்கு இது வராது" என்று வைத்திருப்பீர்கள். இன்றைய பேச்சு முக்கியமாக உங்களுக்குத்தான். அப்படி நிறுத்தியவர்களில் பலருக்கு வந்துகொண்டுதான் இருந்தது என்பது என் அனுபவம். வருவது அவர்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். உங்கள் பிள்ளை தினமும் கண் முன்னால் வளர்கிறான், உங்களுக்குத் தெரியாது. ஊரிலிருந்து வருகிற அத்தைதான் "எவ்வளவு உசரமாயிட்டான்!" என்பார். கிடார் பழகுகிறவருக்கும் அப்படி ஒரு அத்தை வேண்டும்.

என்னிடம் பழக வந்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கணபதி பக்கம் லேத் பட்டறையில் டர்னர். வந்தபோது ஐம்பத்திரண்டு வயது. மகள் வேலைக்கு வெளியூர் போய்விட்டாள், அவள் கிடார் வீட்டில் சும்மா இருந்தது, அதைத் தூக்கிக்கொண்டு வந்தார். முதல் மாதத்தில் மற்ற எல்லோரும் விரல் வலி என்று சொல்வார்கள், இரும்புத் தந்தி இல்லையா, விரல் நுனி சிவந்து கோடு விழுந்துவிடும். இவருக்கு அந்தத் தொல்லையே இல்லை, முப்பது வருஷம் இரும்பு பிடித்த கை. ஆனால் விரல்கள் தனித்தனியாக மடங்க மறுத்தன, நான்கும் ஒன்றாகத்தான் வரும், போகும். மூன்றாவது மாதம் ஒரு நாள் கிடாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, "மாஸ்டர், வந்த அன்னிக்கு எப்படி இருந்தனோ அப்படியேதான் இருக்கறனுங்க. உங்க நேரத்தையும் கெடுக்கறேன்" என்றார்.

நான் என் போனை எடுத்தேன். அவர் வகுப்புக்கு வந்த இரண்டாவது வாரத்தில் ஜி கார்டு, சி கார்டு இரண்டை மட்டும் மாற்றி மாற்றி வாசித்ததைப் பதிவு செய்து வைத்திருந்தேன். கார்டு என்றால், விரல்களால் சில தந்திகளை அழுத்திப் பிடித்துப் பல தந்திகளைச் சேர்த்து மீட்டுவது. போட்டுக் காட்டினேன். ஒரு கார்டு அடிப்பார், அப்புறம் நிசப்தம், நாற்காலி கிரீச்சிடும், மூச்சு விடும் சத்தம், அப்புறம்தான் அடுத்த கார்டு. இரண்டு தந்திகள் கரகரக்கும், ஒன்று பேசவே பேசாது. முழுதும் கேட்டார். பேசாமல் ஜிப்பைத் திறந்து கிடாரை எடுத்து அதே இரண்டு கார்டை வாசித்துப் பார்த்தார். "இது நானுங்களா?" என்று அந்தப் போனைக் காட்டிக் கேட்டார்.

அதற்கப்புறம் அவர் செய்ததுதான் எனக்கே பாடமாக ஆயிற்று. பட்டறையில் தேய்ந்த டூலைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாதாம், வெர்னியர் வைத்து அளந்தால்தான் தெரியுமாம். "இதையும் அளந்துருவோமுங்க" என்று ஒரு சின்ன நோட்டு போட்டார். போனில் ஒரு நிமிஷம் டைமர் வைப்பார், ஜி, சி, ஜி, சி என்று மாற்றுவார், எத்தனை மாற்றம் என்று எண்ணித் தேதியோடு எழுதுவார். ஒரு தந்தி கரகரத்தாலும் அது ரிஜெக்ட், கணக்கில் வராது. முதல் நாள் ஒன்பது. இரண்டு வாரத்தில் பன்னிரண்டு. அடுத்த வரியில் பதினொன்று, பக்கத்தில் "நைட் ஷிஃப்ட்" என்று எழுதியிருந்தார். அந்தக் குறிப்பு எனக்கு ரொம்பப் பிடித்தது, எண் குறைந்தால் மனம் உடையாமல் காரணத்தை எழுதிவிட்டு அடுத்த நாளைக்குப் போகிறார். பிறகு பதினாறு, இருபத்திரண்டு, இருபத்தொன்று, முப்பது.

முப்பதில் நின்றுவிட்டது. மூன்று வாரம் அசையவில்லை. சரி, மெதுவாக மாற்றுங்கள் அண்ணா, கையைப் பார்த்துக்கொண்டே மாற்றுங்கள் என்றேன். பார்த்தால், மாற்றும்போது விரல்கள் தந்தியை விட்டு ஒரு அங்குல உயரத்துக்குப் பறக்கின்றன, பறந்துவிட்டு இறங்க இடம் தேடுகின்றன. எனக்கு முன்னால் அவரே கண்டுபிடித்தார். "டூலை இவ்வளவு தூரம் பின்னால இழுத்தா ஒரு ஜாபுக்கு எவ்வளவு நேரம் வீணாகும்!" என்றார். இன்னொன்றும் சொன்னேன். கிடார் வைத்திருப்பவர்கள் பிறகு கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜி கார்டில் மோதிர விரலை ஆறாவது தந்தியிலும், அதாவது எல்லாவற்றிலும் தடித்ததிலும், நடுவிரலை ஐந்தாவதிலும் சுண்டுவிரலை முதல் தந்தியிலும் வைத்துப் பழகினால், சி கார்டுக்குப் போகும்போது மோதிர விரலும் நடுவிரலும் பிரியவே வேண்டாம், ஜோடியாக ஒரு தந்தி தள்ளி இறங்கினால் போதும், ஆள்காட்டி விரல் மட்டும் புதிதாக வந்து உட்காரும். சுண்டுவிரல் முதலில் அடம்பிடிக்கும், பத்து நாளில் சரியாகிவிடும். நான்காம் மாதக் கடைசியில் அவர் நோட்டில் முப்பத்தெட்டு.

இதிலிருந்து நான் எல்லா மாணவர்களுக்கும் வைத்திருக்கிற வழக்கம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை தோறும், போனை மேசையில் அதே இடத்தில் வைத்து, ஒரு பாட்டின் அதே எட்டுத் தாளவட்டத்தை வாசித்துப் பதிவு செய்யுங்கள். தட்டுகளை எண்ணி ஒரு சுற்று முடிப்பது ஒரு தாளவட்டம். அன்றைக்கே கேட்க வேண்டாம், அன்றைக்குக் கேட்டால் குறை மட்டும்தான் காதில் விழும். நான்கு வாரம் கழித்து முதலாவதையும் நான்காவதையும் அடுத்தடுத்துப் போடுங்கள். வாசிக்கும்போது புத்தி முழுக்க விரலில் இருக்கும், காதுக்கு வேலையே கிடைக்காது. பதிவைக் கேட்கும்போதுதான் தாளம் எங்கே இழுக்கிறது, எந்தத் தந்தி ஊமையாக இருக்கிறது என்று தெரியும். நான் முதலில் சொன்ன அத்தை இந்தப் பதிவுதான்.

சரி, எங்கே தடுக்கிறது என்று தெரிந்துவிட்டது. இப்போது என்ன செய்வீர்கள்? பெரும்பாலோர் பாட்டை மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்கள். இதை மட்டும் நான் எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது: முதலிலிருந்து தொடங்காதீர்கள். ஏழாம் வாய்ப்பாட்டில் ஏழெட்டு எவ்வளவு என்று தடுக்கிற பிள்ளையைப் பார்த்திருப்பீர்கள். ஓரேழு ஏழு என்று வேகமாக ஓடிவரும், ஏழெட்டு வந்ததும் விழிக்கும், மறுபடி ஓரேழு ஏழு. ஓரேழு ஏழு அதற்கு எப்போதோ தெரியும், ஏழெட்டு ஐம்பத்தாறு என்று அதை மட்டும் பத்துத் தடவை சொல்லவைத்தால் முடிந்தது. பதினாறு தாளவட்டம் உள்ள ஒரு பாட்டில் பதினொன்றாவதில் தடுக்கிறது என்று வையுங்கள். முதலிலிருந்து பத்துத் தடவை வாசித்தால், ஏற்கனவே நன்றாக வருகிற இடத்தைப் பத்துத் தடவையும், தப்பைப் பத்துத் தடவையும் பழகியிருக்கிறீர்கள். கைக்குச் சரி தப்பு தெரியாது. எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறோமோ அதை அது பிடித்துக்கொள்ளும். சின்ன வயதில் சர்ச் பாடகர் குழுவில் வாசிக்கும்போது ஒரே பாட்டில் ஒரே இடத்தில் ஒரு வருஷம் தடுமாறியிருக்கிறேன், அந்த இடம் நெருங்குவதற்கு முன்பே தோள் இறுகிவிடும். பத்தாவது வட்டத்தின் கடைசித் தட்டு, பதினொன்றாவதின் முதல் தட்டு, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கோளாறு. அங்கேயே உட்கார்ந்துகொள்ளுங்கள். அந்த இரண்டு தட்டை மட்டும், தப்பே வராத வேகத்தில்.

தப்பே வராத வேகம் என்றால் எவ்வளவு மெதுவாக என்று கேட்பார்கள். வெட்கமாக இருக்கும் அளவுக்கு மெதுவாக. கர்நாடக சங்கீதம் கற்ற வீடுகளில் இதை விளக்க வேண்டியதில்லை. மாயாமாளவகௌளையில் சரளி வரிசையை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று பிள்ளைகள் பாடுவது உங்களுக்குத் தெரியும். முதல் காலம் உறுதியாகாமல் டீச்சர் இரண்டாம் காலத்துக்கு விடமாட்டார். கிடார் கையில் வந்ததும் அந்தப் பொறுமை எங்கே போய்விடுகிறதோ தெரியவில்லை, போனில் பார்த்த வீடியோ வேகத்துக்கு அன்றைக்கே வாசிக்கப் பார்க்கிறோம். சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோம் இலவசமாகவே போனில் கிடைக்கிறது. அறுபதில் வைத்தால் விநாடிக்கு ஒரு தட்டு, சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக். அங்கே தொடங்குங்கள், தடுக்கிறதா, ஐம்பதுக்கு இறக்குங்கள். தொடர்ந்து மூன்று தடவை சுத்தமாக வந்தால் நாலைந்து கூட்டுங்கள். தப்பு வந்தால் மறுபடி இறக்குங்கள், இறக்குவதில் ஒரு குறைவும் இல்லை.

நேரம் எவ்வளவு? தினம் இருபது நிமிஷம் போதும், ஆனால் தினம். வாரம் முழுக்கச் சும்மா இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்காருவதைவிட அது எவ்வளவோ மேல். கை பழகியதை இரவுத் தூக்கத்தில் மூளை உறுதிப்படுத்திக்கொள்கிறது, ஏழு நாள் பழகினால் ஏழு இரவு கிடைக்கிறது. அந்த இருபதில் ஐந்து நிமிஷம் விரலைப் பதப்படுத்த, பத்து நிமிஷம் நான் சொன்ன தடுக்கும் இடத்துக்கு, கடைசி ஐந்து நிமிஷம் உங்களுக்குப் பிடித்த பாட்டு, தப்போ சரியோ, ஆசை தீர. அந்தக் கடைசி ஐந்து நிமிஷத்தை விட்டுவிடாதீர்கள், அதற்காகத்தானே கிடார் வாங்கினீர்கள்.

பெற்றோர் கேட்பது கிரேடு தேர்வு. ட்ரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வு தமிழ்நாட்டிலும் நடக்கிறது, இனிஷியல், அப்புறம் ஒன்றிலிருந்து எட்டு வரை. நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி, 75 மெரிட், 87 டிஸ்டிங்ஷன். நல்ல விஷயம், எழுதட்டும். ஆனால் அது என்றோ ஒரு நாள் அளப்பது. பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை அளவு வேண்டும், அதை நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்து கொடுக்கலாம், சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கிடாரைப் பார்த்து வாங்குவது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்னும் இரண்டு நிமிஷம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல பேருக்கு வராததற்குக் காரணம் கிடாரேதான். தந்தி பலகையிலிருந்து ரொம்ப உயரத்தில் நின்றால் எந்த விரலுக்கும் வலிக்கும், கடையில் கொடுத்து இறக்கச் சொல்லுங்கள். விரலை ஃப்ரெட்டுக்கு, வீணையில் மெட்டு என்போமே அதற்கு, ஒட்டினாற்போல் பின்னால் வையுங்கள், பாதி அழுத்தத்தில் சத்தம் சுத்தமாக வரும். பீரோ மேலே இருக்கிற அந்தக் கிடாரில் தந்தி இந்நேரம் துருப்பிடித்திருக்கும், புதுசாக ஒரு செட் போடுங்கள். தடித்த தந்தியிலிருந்து இ, ஏ, டி, ஜி, பி, இ, ட்யூனர் ஆப் வைத்துச் சுருதி சேர்த்துவிட்டு, ஒரு நிமிஷம் டைமர் வைத்து ஜி, சி மாற்றிப் பாருங்கள். எத்தனை வந்தாலும் தேதி போட்டு எழுதிவையுங்கள். வணக்கம்.