டர்பைன் கவர்னரைக் கட்டிப்போடக் கூடாது

அனைவருக்கும் வணக்கம். இந்த வெயிலிலும் இத்தனை பேர், அதிலும் இவ்வளவு மாணவர்கள், வந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இன்று நான் பேச வந்தது கவர்னர் பற்றி. மாநில ஆளுநர் இல்லை; மின் நிலைய டர்பைனின் வேகத்தைப் பார்த்து வால்வைத் திறந்து மூடும் கருவி.

இந்த அரங்கின் ஏசிக்கு வேண்டிய மின்சாரம் இந்த நொடியில்தான் எங்கோ உற்பத்தியாகிக்கொண்டிருக்கிறது. அது அத்திப்பட்டு வடசென்னை அனல் மின் நிலையமாக இருக்கலாம், வல்லூராக இருக்கலாம், நீலகிரியின் குந்தா நீர்மின் நிலையமாகவும் இருக்கலாம். 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தென்னக கிரிட், அதாவது தென் மாநிலங்களின் மின் கட்டமைப்பு, வடக்கோடு இணைந்தது. அன்று முதல் காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரி வரை கிரிட் முழுவதற்கும் ஒரே அதிர்வெண்தான்: 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அலை. பெரும்பாலான நீராவி டர்பைன்களுக்கு அது நிமிடத்துக்கு 3000 சுற்று.

கம்பிக்குள் மின்சாரத்தைச் சேர்த்துவைக்க முடியாது. எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவும் அதே கணத்தில் உற்பத்தியாக வேண்டும். வல்லூரில் 500 மெகாவாட் யூனிட் ஒன்று, அதாவது டர்பைனும் ஜெனரேட்டரும் சேர்ந்த ஒரு தொகுதி, திடீரென்று நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு மின்விசிறிக்கு அது தெரியாது. அப்படியானால் அந்த 500 மெகாவாட்டை யார் கொடுப்பது? முதல் கணத்தில், சுழன்றுகொண்டிருக்கும் மற்ற யூனிட்டுகள் தங்கள் சுழற்சியில் இருக்கும் ஆற்றலிலிருந்து கொடுக்கின்றன. கொடுத்ததால் அவற்றின் வேகம் குறைகிறது, அதிர்வெண் இறங்குகிறது. மயிலாப்பூரில் தேர் இழுத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். வடம் பிடித்தவர்களில் சிலர் கையை விட்டால் யாரும் மைக்கில் அறிவிக்க வேண்டியதில்லை. பாரம் கூடிவிட்டது என்பது மற்ற கைகளுக்கு வடத்தின் வழியாகவே தெரிந்துவிடும்.

அதிர்வெண் இறங்கியதைப் பார்த்து வால்வைத் திறக்கும் கருவிதான் கவர்னர். 1788-இல் ஜேம்ஸ் வாட் நீராவி எஞ்சினில் பொருத்தியது இரண்டு உலோக உருண்டைகள் சுழலும் கவர்னர். வேகம் கூடினால் உருண்டைகள் விலகி மேலே எழும், நீராவி வால்வு மூடும். வேகம் குறைந்தால் தாழும், வால்வு திறக்கும். இன்று உருண்டைகளின் இடத்தில் பல்சக்கரமும் சென்சாரும் வந்துவிட்டன. வால்வை எண்ணெய் அழுத்தம் நகர்த்துகிறது. ஆனால் வேலை அதேதான்.

இனி நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஒவ்வொரு கவர்னரும் 'எனக்குச் சரியாக 50 வேண்டும்' என்று அடம்பிடித்தால் என்ன ஆகும்? ஒரு நிலையத்தின் சென்சார் 50.00 என்று காட்டும்; பக்கத்து நிலையத்தில் 49.99 என்று காட்டும். இரண்டாவது வால்வைத் திறந்துகொண்டே போகும், முதலாவது மூடிக்கொண்டே போகும். கடைசியில் ஒன்று முழு லோடில் நிற்கும், மற்றது வெறுமனே சுற்றும். அதனால்தான் கவர்னருக்கு 'டிரூப்' என்று ஒரு சரிவை வேண்டுமென்றே வைக்கிறார்கள். 5 சதவீத டிரூப் என்றால், அதிர்வெண் 2.5 ஹெர்ட்ஸ் இறங்கினால் யூனிட்டின் முழுத் திறன் அளவுக்கு உற்பத்தி கூடும் என்று கணக்கு. சரி, 0.1 ஹெர்ட்ஸ் இறங்கினால்? 4 சதவீதம். வடசென்னையின் 600 மெகாவாட் யூனிட் 24 மெகாவாட் கூட்டிக் கொடுக்கும், 210 மெகாவாட் யூனிட் 8.4 மெகாவாட் கொடுக்கும். ஒரு ஃபோன் கால் இல்லை, ஒரு உத்தரவு இல்லை. அவரவர் அளவுக்கு ஏற்ற பங்கு சில நொடிகளில் வந்து சேர்ந்துவிடும். பொறியியலில் இதைவிட அழகான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை.

இப்படிச் செய்வதால் அதிர்வெண் 50-க்கே திரும்பாது, சற்றுக் கீழே போய் நிலைக்கும். மிச்சத்தைச் சரிசெய்வது அடுத்த கட்டத்தின் வேலை. மத்தியக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கணினி மெதுவாகச் செய்யும்.

வால்வைத் திறந்ததும் சக்தி வந்துவிடும் என்று நினைக்கவேண்டாம். அனல் நிலையத்தில் பாய்லரில் தேங்கியிருக்கும் நீராவி உடனே பாயும், ஆனால் அழுத்தம் இறங்கத் தொடங்கும். நிலக்கரியைக் கூட்டி எரித்து அதை மீட்க நிமிடங்கள் ஆகும். நீர்மின் நிலையத்தில் இன்னும் வினோதம். நீண்ட குழாயில் இருக்கும் தண்ணீர் சட்டென்று வேகமெடுக்காது. அதனால் கதவைத் திறந்தவுடன் டர்பைன் வாயில் அழுத்தம் குறைந்து, உற்பத்தி முதலில் இறங்கும், அப்புறம்தான் ஏறும். இதைக் கணக்கில் எடுக்காமல் கவர்னரை வேகப்படுத்தினால் கிரிட்டே ஊசலாடும்.

இவ்வளவு அருமையான கருவியை நம் நாட்டில் பல ஆண்டுகள் கட்டிப்போட்டு வைத்திருந்தார்கள். 2003-இல் அதிர்வெண்ணைப் பொறுத்து விலை மாறும் புதிய கட்டண முறை தெற்கே வரும் முன், அதிர்வெண் மணிக்கணக்காக 49-க்குக் கீழேயே கிடந்தது. மாலையில் ஒரு அளவு, நள்ளிரவில் இன்னொரு அளவு. இப்படி அலைந்தால் டர்பைன் தேயும் என்று நிலையங்கள் கவர்னரைப் பூட்டின. எல்லோரும் பூட்டியதால் அதிர்வெண் இன்னும் அலைந்தது. 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியா இருளில் மூழ்கியபோது, விசாரணைக் குழுவின் பரிந்துரைகளில் ஒன்று, மின் நிலையங்கள் கவர்னர் வழியாக உடனடி உதவி தருவதை உறுதிசெய்ய வேண்டும் என்பது. அன்று தெற்கு தப்பியதற்குக் காரணம் நம் கெட்டிக்காரத்தனம் இல்லை. வடக்கோடு நேர்மின்னோட்ட இணைப்புகள் மட்டுமே இருந்தன; அவற்றின் வழியாக ஒரு பக்கத்தின் அதிர்வெண் மறுபக்கம் தொற்றாது.

2020 ஏப்ரல் 5 இரவு 9 மணிக்கு நாடு முழுவதும் விளக்கணைத்தது நினைவிருக்கும். ஏறத்தாழ 31,000 மெகாவாட் தேவை சில நிமிடங்களில் சரிந்து, பிறகு திரும்ப ஏறியது. அதிர்வெண் 49.70-க்கும் 50.26-க்கும் இடையிலேயே நின்றது. முன்கூட்டியே திட்டமிட்டதும், நீர்மின் நிலையங்களை விரைவாக இறக்கி ஏற்றியதும் காப்பாற்றின. ஆனால் யூனிட் திடீரென்று நிற்பது தேதி சொல்லிவிட்டு வராது. அந்த நொடிக்குக் கவர்னர் மட்டுமே இருக்கிறது.

கவர்னரைத் திறந்துவிட்டால் மட்டும் போதாது. வால்வை முழுக்கத் திறந்து உச்ச உற்பத்தியில் ஓடும் யூனிட்டின் கவர்னர் என்ன செய்யும்? திறக்க வால்வில் இடமே இல்லையே! அதனால்தான் கிரிட் விதி, தேவைப்பட்டால் உடனே முழுத் திறனின் 105 சதவீதம் வரை போகும் வகையில் இடம் வைத்து ஓட்டச் சொல்கிறது. அந்த இடத்தை விற்றுக் காசாக்கும் ஆசை எந்த நிலையத்துக்கும் வரும். அதைத் தடுப்பது கண்காணிப்பின் வேலை.

கமுதியின் 648 மெகாவாட் சூரிய நிலையத்தில் சுழலும் டர்பைன் கிடையாது, பகலில் சூரிய மின்சாரம் கூடக் கூடக் கிரிட்டில் சுழலும் எடை குறைகிறது. சூரிய நிலையத்தின் இன்வெர்ட்டருக்கும் டிரூப் கொடுக்கலாம். அதிர்வெண் ஏறினால் அது உற்பத்தியைக் குறைக்கும். கூட்டிக் கொடுக்க வேண்டுமானால், முன்பே கொஞ்சம் குறைத்து ஓட்டியிருக்க வேண்டும். பேட்டரி இரண்டு பக்கமும் செய்யும், அதுவும் ஒரு நொடிக்குள். ஆனால் சாயங்கால விலைக்கு விற்பதற்காகவே ஒப்பந்தம் போட்டால், அந்த ஒரு நொடிக்கு வேண்டிய சார்ஜை யாரும் ஒதுக்கிவைக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் பேட்டரி நிலையங்களுக்குப் போடும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் டிரூப் எத்தனை சதவீதம், எத்தனை மெகாவாட் எப்போதும் ஒதுக்கி இருக்க வேண்டும், அதற்கு என்ன கட்டணம் என்று எழுதிவிடச் சொல்லி மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விசாரணையில் கேளுங்கள். அங்கே பொதுமக்களும் பேசலாம்.