ஏ, பி, சி-யில் முதல் எழுத்து

நேயர்களுக்கு வணக்கம். விளையாட்டைப் பற்றிப் பேச வாருங்கள் என்று நிலையத்தார் அழைத்தபோது, கிரிக்கெட்டை விட்டுவிடுங்கள், டென்னிஸ் பேசுகிறேன் என்றேன். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் தயங்கினார். "வேலூர்ல டென்னிஸை யார் சார் கேப்பாங்க?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனாலும் இந்த ஊருக்கு டென்னிஸ் புதிதல்ல. சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் பாட்டி வயதிலும் டென்னிஸ் மட்டையைக் கீழே வைக்காதவர். கத்திரி வெயிலில் நம் ஊர்த் தெருவில் நடந்து போவதே பெரும்பாடு. இங்கே மட்டை பிடித்து ஓடினார் என்றால் அந்த அம்மாளின் நெஞ்சுரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஆடுகளம் சாணத் தரை. இளைய நேயர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். மண்ணைக் கெட்டித்து, மாட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றி, வீட்டு வாசல் மெழுகுவதுபோல மெழுகுவோம். காய்ந்ததும் இரண்டு பையன்கள் உருளையை இழுப்பார்கள். அதன்மேல் சுண்ணாம்புக் கோடு. முதல் செட் முடிவதற்குள் பந்து பழுப்பேறிவிடும். அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் பல பிள்ளைகள் டென்னிஸ் பழகியது இப்படிப்பட்ட தரைகளில்தான்.

இன்றைக்கு நான் பேச வந்தது டென்னிஸ் ஆட்டக்காரரும் வர்ணனையாளருமான விஜய் அமிர்தராஜைப் பற்றி. பேரைக் கேட்டதும் சிலருக்கு ஜேம்ஸ் பாண்ட் படம் நினைவுக்கு வரும். 1983-ல் வந்த 'ஆக்டோபஸ்ஸி'யில் டென்னிஸ் மட்டையால் எதிரிகளை அடித்து விரட்டுவார். அதை ஓரமாக வைத்துவிடுவோம். மைக்கைப் பிடித்த விஜய்தான் எனக்கு முக்கியம். அவர் நல்ல வர்ணனையாளர் ஆனதற்கு அவர் வென்ற ஆட்டங்களைவிடத் தோற்ற ஆட்டங்களே காரணம் என்பது என் எண்ணம்.

சென்னைக்காரர். 1953 டிசம்பரில் பிறந்தவர். ஆனந்த், விஜய், அசோக் என்று அண்ணன் தம்பி மூன்று பேரும் ஆட்டக்காரர்கள். சிறு வயதில் விஜய் நோஞ்சான் பிள்ளை, நெஞ்சு நோய். அவர் படுக்கையில் கிடந்த நாட்களில் தாயார் மேகி அம்மாள் பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பாடக் குறிப்பு எடுத்து வந்தார் என்று சொல்வார்கள். அந்தப் பிள்ளை ஆறடிக்கு மேல் வளர்ந்து, பத்தொன்பது வயதில் விம்பிள்டன் காலிறுதியில் போய் நின்றது.

அது 1973. அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனில் ஆஸ்திரேலிய ஜாம்பவான் ராட் லேவரை வீழ்த்தினார். மறு ஆண்டு அதே ஓப்பனில் ஸ்வீடனின் போர்கை வீழ்த்தினார். அந்தச் சமயத்தில்தான் மேல்நாட்டுப் பத்திரிகைகள் டென்னிஸின் ஏ, பி, சி என்று எழுத ஆரம்பித்தன. ஏ என்றால் அமிர்தராஜ், பி போர்க், சி அமெரிக்காவின் கானர்ஸ். அடுத்த பத்தாண்டுக்கு இந்த மூவர்தான் என்றார்கள். கிராண்ட்ஸ்லாம் என்னும் பெரிய போட்டிகளில் போர்க் பதினோரு ஒற்றையர் பட்டம் வென்றார். கானர்ஸ் எட்டு. நம் ஏ-க்கு ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை? மூன்று விம்பிள்டன் ஆட்டங்களைச் சொல்கிறேன். அங்கே ஐந்து செட்டில் மூன்றை எடுப்பவருக்குத்தான் வெற்றி. 1973 காலிறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவின் யான் கோடேஷை எதிர்த்து இரண்டுக்கு ஒன்று என்ற செட் கணக்கில் முன்னிலையில் இருந்தார். கடைசியில் ஐந்தாவது செட் 7-5, தோல்வி. அந்த ஆண்டுப் பட்டம் கோடேஷுக்கு. 1979-ல் இரண்டாம் சுற்று, எதிரே போர்க். இங்கேயும் இரண்டுக்கு ஒன்று முன்னிலை. நான்காவது செட் ஆறுக்கு ஆறு என்று சமனாகி, முடிவு கட்டும் டைபிரேக் வரை போயிற்று, அதைப் போர்க் எடுத்தார். ஐந்தாவது 6-2. பட்டம் போர்குக்கு. 1981 காலிறுதி, எதிரே கானர்ஸ். முதல் செட் 6-2, இரண்டாவது 7-5, இரண்டும் விஜய்க்கு. இன்னும் ஒரே செட் போதும். கானர்ஸ் 6-4, 6-3, 6-2 என்று மூன்றையும் வரிசையாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூன்று ஆட்டமும் கைக்கு எட்டியவை. விஜய்க்குச் சோம்பல், உடம்பு தாங்கவில்லை என்று அப்போது டீக்கடை வரை பேசினார்கள். எனக்கு அது அரைகுறைப் பேச்சாகவே பட்டது. அமெரிக்காவின் மெக்கன்ரோ 1984-ல் மொத்தம் எண்பத்தைந்து ஆட்டம் ஆடி மூன்றில் மட்டும் தோற்றார். அந்த மூன்றில் ஒன்று அமெரிக்காவின் சின்சினாட்டி போட்டியில், முதல் சுற்றில், நம் விஜய்யிடம். திறமை இல்லாதவர் கையில் அப்படி ஓர் ஆட்டம் சிக்காது. திறமை எந்த நிமிடத்தில் கைவிட்டுப் போகிறது என்பது வேறு சமாச்சாரம். அதை உள்ளே நின்று அனுபவித்தவர் அவர்.

நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அது தனி உரைக்கான விஷயம். 1974-ல் இந்தியா இறுதிக்கு வந்தது. எதிரணி தென்னாப்பிரிக்கா. அங்கே நிறவெறி ஆட்சி. ஆட மாட்டோம் என்று இந்தியா விலகிக்கொண்டது, கோப்பை ஆடாமலே அவர்களுக்குப் போனது. அந்த வயதில் ஓர் ஆட்டக்காரனுக்கு அது எத்தனை பெரிய இழப்பு! ஆனாலும் முடிவு சரியான முடிவு. பிறகு 1987. முப்பத்து மூன்று வயது விஜய், டெல்லியில் அர்ஜென்டினாவின் மார்ட்டின் ஹைத்தேயை மேட்ச் பாயின்ட்டில், அதாவது இன்னும் ஒரு பாயின்ட் போனால் தோற்கும் நிலையிலிருந்து, மீண்டு வென்றார். அடுத்து இஸ்ரேல், அதன்பின் சிட்னியில் ஆஸ்திரேலியா. அங்கே கடைசி ஆட்டத்தை வென்று கொடுத்தவர் ரமேஷ் கிருஷ்ணன். இறுதிப் போட்டியில் ஸ்வீடன், தன் கோதன்பர்க் நகரில் உள்ளரங்கில் களிமண் தரை போட்டு வைத்து, ஐந்துக்குப் பூஜ்யம் என்று அனுப்பி வைத்தது. புல்தரையில் பலம் காட்டும் நம்மவர்களுக்குக் களிமண் விருந்து!

இப்போது மைக்குக்கு வருவோம். ஆடி ஓய்ந்த சாம்பியன் வர்ணனைக்கு வருவது பழைய வழக்கம். 1934 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து விம்பிள்டன் வென்ற ஃப்ரெட் பெர்ரி, பின்னாளில் பி.பி.சி. வானொலியில் பேசினார். அதே பி.பி.சி.யின் தொலைக்காட்சியில் 1951 முதல் 1991 வரை பேசியவர் டேன் மாஸ்கெல். அவரும் பிரிட்டனின் தொழில்முறைச் சாம்பியன். மாஸ்கெலின் பெருமை அவர் பேசாமல் இருந்த நேரத்தில்தான். பந்து ஓடும்போது வாயைத் திறக்கமாட்டார். வானொலிக்காரருக்கு அந்தச் சொகுசு கிடையாது. பந்து ஓடும்போதுதான் அவர் பேசியாக வேண்டும். நேயருக்குக் கண் அவர்தான்.

தொலைக்காட்சியில் கணக்கு வேறு. ஒரு பாயின்ட் முடிந்து அடுத்த சர்வ் போட இருபத்தைந்து வினாடி. பக்கம் மாறும்போது தொண்ணூறு வினாடி. செட் முடிந்தால் இரண்டு நிமிடம். இந்த இடைவெளிகள்தான் வர்ணனையாளரின் நிலம். இருபத்தைந்து வினாடியில் முதலில் கூட்டத்தின் கைதட்டலைக் கேட்க விட வேண்டும். பிறகு ஒரே ஒரு விஷயம். ஆட்டக்காரர் பந்தைத் தரையில் தட்ட ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும்.

விஜய் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தொலைக்காட்சியில் சக வர்ணனையாளர் ஆலன் வில்கின்ஸோடு பேசிய விம்பிள்டன் ஆண்டுகளை நான் விடாமல் பார்த்தேன். விடுதித் தொலைக்காட்சி அறையில் பையன்களும் இருப்பார்கள். புள்ளிவிவரம் ஒப்பிப்பவர்கள் உண்டு. மெக்கன்ரோபோல மனதில் பட்டதை முகத்துக்கு நேரே போட்டு உடைப்பவர்களும் உண்டு. விஜய் இரண்டிலும் சேராதவர். தணிந்த குரல், அவசரமே கிடையாது. இரண்டு செட் முன்னிலையில் இருப்பவர் மூன்றாவது செட்டில் ஒரு கேமை அலட்சியமாக விட்டால், ஸ்கோரைச் சொல்லிவிட்டுப் போகமாட்டார். சர்வ் போட எடுத்துக்கொள்ளும் நேரம் கூடுகிறது, வலையை நோக்கி வரும் கால் அரை அடி பிந்துகிறது என்று அவர் கவனம் அங்கே போகும். பையன்கள் ஸ்கோரைப் பார்த்து "முடிஞ்சிடுச்சு சார்" என்பார்கள். எனக்கோ 1981-ல் கானர்ஸ் எதிரே நின்றவரின் பேச்சாகவே அது கேட்கும்.

குறை இல்லாமல் இல்லை. அவர் மிகவும் நல்லவர். மட்டமான ஷாட்டைக்கூட மட்டம் என்று சொல்ல மனம் வராது, பாவம் என்று விட்டுவிடுவார். அந்த இடத்தில் எனக்கு மெக்கன்ரோவின் நாக்கு கொஞ்சம் தேவைப்பட்டது. இன்னொரு மனத்தாங்கலும் உண்டு. சேப்பாக்கத்துக் கிரிக்கெட்டை அப்துல் ஜப்பாரும் ராமமூர்த்தியும் வானொலியில் தமிழில் சொல்லி, ஆற்காடு பக்கம் வயலில் நின்றவருக்கும் ஆட்டத்தைக் காட்டினார்கள். டென்னிஸுக்கு அப்படி ஒரு குரல் வாய்க்கவில்லை. ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு ஆண்டும் விம்பிள்டன் அரையிறுதி ஆடிய தமிழர். அவர் மகன் ரமேஷ், அமிர்தராஜ் சகோதரர்கள் என்று இத்தனை பேர் இங்கிருந்து போயும், ஆட்டம் நம் வீட்டுக்கு ஆங்கிலத்தில்தான் வந்தது.

அதனால் கல்லூரியில் நானே ஓர் ஏற்பாடு செய்தேன். ஆடாமல் பெஞ்சில் இருக்கும் பையன் அந்த ஆட்டத்தைத் தமிழில் சொல்ல வேண்டும். நிபந்தனை ஒன்றே ஒன்று: பந்து ஓடும்போது பேசக்கூடாது. குடியாத்தத்திலிருந்து வந்த ஒரு பையன், ஆட்டத்தில் சுமார் ரகம்தான். ஒருநாள் எங்கள் முதல் ஆட்டக்காரன் 5-2 என்று முன்னே இருக்கிறான். இவன் மெதுவாக, "சார், இவன் டவல் எடுக்க ரெண்டு வாட்டி போயிட்டான் சார். கால் ஓஞ்சிடுச்சு. இன்னா ஆவப்போவுது பாருங்க" என்றான். அந்த செட் 7-5 என்று எதிராளிக்குப் போயிற்று. அன்று முதல் அந்தப் பையனை என் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டேன்.

விஜய்யை 2024 ஜூலையில் அமெரிக்காவில் உலக டென்னிஸ் புகழரங்கில் சேர்த்தார்கள். கூடவே இன்னொரு இந்திய ஆட்டக்காரர் லியாண்டர் பயஸையும். ஆசியாவிலிருந்து அந்த இடத்துக்குப் போன முதல் ஆண்கள் இவர்கள். லியாண்டர், விஜய் குடும்பத்தார் சென்னையில் நடத்திய பயிற்சிப் பள்ளியில் வளர்ந்த பிள்ளை. அவரை ஆட்டக்காரர் பிரிவில் சேர்த்தார்கள். விஜய்யை, டென்னிஸுக்குத் தொண்டு செய்தவர்கள் பிரிவில். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

விம்பிள்டன் வந்தால் சென்டர் கோர்ட் ஆட்டம் நம் நேரத்துக்கு மாலை ஆறு மணிக்குத் தொடங்கும். வெயில் தாழ்ந்திருக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் தொலைக்காட்சியின் ஒலியை நிறுத்திவிட்டு, ஒரு செட்டைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பந்து ஓடும்போது மட்டும் பேச விடாதீர்கள். வணக்கம்.