மூன்றே படங்கள்: பேபி சரோஜா

நேயர்களுக்கு வணக்கம்.

உங்கள் குடும்பத்தில் எண்பது வயதைத் தாண்டிய சரோஜா பாட்டி யாராவது இருந்தால், அவர் பிறந்த வருஷத்தைக் கேட்டுப் பாருங்கள். 1937க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் பிறந்தவரென்றால், அந்தப் பெயருக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு சினிமாக் குழந்தை இருக்கும். அந்தக் குழந்தையின் முகத்தைத் திரையில் பார்த்துவிட்டு, பிறந்த பெண்ணுக்குச் சரோஜா என்று பெயர் வைத்த வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம்.

பேபி சரோஜா பிறந்தது 1931இல். அப்பா விசுவநாதன், இயக்குநர் கே. சுப்ரமணியத்தின் சகோதரர். பத்திரிகைகள் சரோஜாவை 'இந்தியாவின் ஷெர்லி டெம்பிள்' என்று கொண்டாடின. ஹாலிவுட் ஷெர்லி குழந்தையாக இருந்தபோதே டஜன் கணக்கில் படங்களில் நடித்துத் தள்ளியவர். நம் சரோஜா நடித்தவை மூன்றே மூன்று: 1937இல் 'பாலயோகினி', 1939இல் 'தியாகபூமி', 1941இல் 'காமதேனு'.

'பாலயோகினி' வெறும் குழந்தைப் படம் அல்ல. ஆதரவற்ற பிராமண விதவை ஒருத்தி, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த வேலைக்காரர் வீட்டில் தஞ்சம் புகுகிறாள், ஊர் கொதிக்கிறது. அந்த விதவை வேடத்துக்கு, நிஜ வாழ்விலும் கணவரை இழந்த சீதாலட்சுமியையே சுப்ரமணியம் நடிக்க வைத்தார். வைதிகர்கள் விடுவார்களா? கடும் எதிர்ப்புக் கிளம்பியது. அப்படிப்பட்ட படத்தின் நடுவே ஒரு சிறுமியை நிறுத்தியதில்தான் இயக்குநரின் சாமர்த்தியம் தெரிகிறது. பெரியவர் பேசினால் பிரசங்கமாகிவிடும் விஷயம், குழந்தை வாயில் வந்தால் யாரும் மறுத்துப் பேச முடியாது.

சரி, ஐந்தாறு வயதுக் குழந்தையை அந்தக் காலத்துப் பேசும்படத்தில் நடிக்க வைப்பது எப்படிப்பட்ட வேலை? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

ஊமைப்படக் காலத்தில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே இயக்குநர் பக்கத்தில் நின்று, "இங்கே பாரு கண்ணு, இப்போ சிரி" என்று சத்தம் போட்டு வேலை வாங்கலாம். ஒலி வந்ததும் அந்த வசதி போயிற்று. கிளாப் அடித்தபின் செட்டில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது. எழுத்துக் கூட்டிப் படிக்கவே தெரியாத வயதில், வசனம் முழுவதையும் காதால் கேட்டே மனப்பாடம் செய்து, எங்கே நிற்க வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் குழந்தையே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாட்டு இன்னும் கஷ்டம். தமிழில் பின்னணிப் பாடல் முறை 1938 வாக்கில்தான் தலைகாட்டியது. அதற்கு முன் நடித்துக்கொண்டே பாட வேண்டும். ஆர்மோனியமும் தபலாவும் கேமராவின் கண்ணில் படாத மூலையில் உட்கார்ந்து வாசிக்கும். ஃபிலிம் நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். மூன்று நிமிஷப் பாட்டை ஒரே ஓட்டத்தில் எடுத்தால் படத்துக்கு 270 அடி, ஒலிக்குத் தனி நெகடிவில் இன்னொரு 270 அடி. பாட்டின் கடைசி வரியில் குழந்தை தடுமாறினால் அந்த வார்த்தையை மட்டும் ஒட்டுப்போட முடியாது. தாளமும் சுருதியும் வெட்டிய இடத்தில் துள்ளும். ஆகவே மறுபடி முதலிலிருந்து. மூன்று டேக் என்றால் 1,620 அடி, அத்தனையும் கப்பலில் வந்த கச்சா ஃபிலிம்.

மைக் விஷயத்தைக் கவனித்தவர்கள் குறைவு. பெரியவரும் குழந்தையும் பக்கத்தில் பக்கத்தில் நின்று பேசினால், மைக்கைப் பெரியவரின் தலைக்கு மேலேதான் தொங்கவிட முடியும். கீழே இறக்கினால் படத்தில் விழுந்துவிடும். குழந்தையின் வாய் பெரியவரின் வாய்க்கும் இரண்டடி கீழே. தூரம் இரட்டிப்பானால் ஒலியின் வலு நாலில் ஒன்றாகிவிடும். போதாததற்கு மெல்லிய குரல் வேறு. பெரியவரை உட்கார வைப்பது, குழந்தையை மடியிலோ மேஜையிலோ ஏற்றுவது, இல்லாவிட்டால் தனித்தனி ஷாட்டாகப் பிரிப்பது என்று ஏதாவது ஒரு வழி செய்தாக வேண்டும். பழைய படங்களில் குழந்தைகள் எப்போதும் யார் மடியிலாவது இருப்பது பாசத்துக்காக மட்டும் இல்லை!

விளக்குச் சூடு தனிக் கதை. சத்தம் உள்ளே வராமலிருக்கக் கதவுகள் சாத்தியிருக்கும், மின்விசிறியும் ஓடக் கூடாது. மேக்கப் வழிந்து, குழந்தை சிணுங்க ஆரம்பித்தால் அன்றைய வேலை அவ்வளவுதான்.

'தியாகபூமி'யில் சரோஜாவுக்குச் சாரு வேடம். தாத்தா சம்பு சாஸ்திரியாகப் பாபநாசம் சிவன், தாய் சாவித்திரியாக எஸ்.டி. சுப்புலட்சுமி. கல்கியின் கதை 'ஆனந்த விகட'னில் தொடராக வந்தபோது ஓவியங்களுக்குப் பதில் படத்தின் ஸ்டில்களையே அச்சிட்டார்கள். இதனால், கொட்டகைப் பக்கமே போகாத வீடுகளுக்குள்ளும் சரோஜாவின் முகம் வாராவாரம் நுழைந்தது. அவர் புகழுக்குப் படத்தைவிட இந்த ஏற்பாடு அதிகம் உதவியிருக்கும் என்பது என் கணிப்பு. 1939 மே மாதம் வெளியான படம் 22 வாரம் ஓடியபின், தேசியப் பிரசாரம் செய்கிறது என்று பிரிட்டிஷ் அரசு தடை போட்டது. உத்தரவு வருவதற்குள் மக்கள் பார்த்துவிடட்டும் என்று சென்னை கெயிட்டி கொட்டகையில் இலவசமாகக் காட்டினார்கள்.

பிறகு ஏன் தொடரவில்லை? குழந்தை நட்சத்திரத்தின் காலக்கெடுவை உடம்பே தீர்மானித்துவிடும். ஆறேழு வயதில் முன்பல் விழுகிறது. காட்சிகளை வரிசைப்படி எடுப்பதில்லையாதலால், ஒரே காட்சியில் பல் இருந்தும் இல்லாமலும் மாறி மாறி வரும். 'ச', 'த' ஒலிகளும் காற்றாகப் போகும். பல் முளைத்து முடிப்பதற்குள் உயரம் கூடிவிடும். 'காமதேனு' வந்தபோது சரோஜாவுக்குப் பத்து வயது. 'பேபி' என்ற பட்டம் ஒட்டவில்லை, கதாநாயகி வேடத்துக்கோ இன்னும் பல வருஷம் இருந்தது. அந்த இடைவெளியில் காத்திருந்து திரும்பியவர்கள் உண்டு, சரோஜா திரும்பவில்லை. சினிமாவுக்கு வெளியே முழு வாழ்க்கை வாழ்ந்து, 2019 அக்டோபரில் 88ஆம் வயதில் காலமானார்.

அவர் நடித்த நாளில், குழந்தையை எத்தனை மணி நேரம் விளக்கின்கீழ் நிறுத்தலாம் என்பது வீட்டுப் பெரியவர்களின் விருப்பம். இன்றைக்குக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2017ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன. மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்புத்தொகையாகப் போட வேண்டும். மீதி 80 சதவீதத்தைப் பற்றி விதி வாய் திறக்கவில்லை.

'தியாகபூமி'யின் பிரதி புனே திரைப்பட ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், சாருவும் சம்பு சாஸ்திரியும் சேர்ந்து பேசும் இடங்களில் யார் நிற்கிறார், யார் உட்கார்ந்திருக்கிறார், மைக் எங்கே தொங்கியிருக்கும் என்று கவனித்துப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.